அத்தியாயம் 7: பிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் பொருந்தும் வெளிப் பிளாஷ்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையான இந்தக் கரையோரத்தில் கமராவைத் தொழிலாக எடுப்பவரை முதலில் கூப்பிடுவது கல்யாண வீடுதான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். வீட்டுக்குள் ஒன்றிரண்டு டியூப் லைட், வெளியே பந்தலில் நிறம் மாறிக்கொண்டிருக்கும் எல்.ஈ.டி. மாலைகள். அந்த வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுத்தால் முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ விழும். கமராவோடு சேர்ந்து வரும் சிறிய பிளாஷைத் தூக்கினால் முகம் தட்டையாக வெளுத்து, பின்னால் நிற்கும் வாப்பாவும் உம்மாவும் இருட்டில் மறைந்துவிடுவார்கள். வெளிப் பிளாஷ் தேவைப்படுவது இதற்காகத்தான்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் இந்த ஊர்களுக்குள் வந்தபோது உயிர்களோடும் வீடுகளோடும் அலுமாரிகளில் இருந்த கல்யாண அல்பங்களும் போயின. உறவினர் வீட்டில் கிடந்த ஒரு பிரதி, ஸ்டூடியோவில் தப்பிய ஒரு நெகட்டிவ், அதைத் தவிர வேறு முகம் மிஞ்சாத குடும்பங்கள் உண்டு. ஒரு வீட்டுக்காரர் தன் பிள்ளையின் நிக்காஹ்வுக்கு நம்மை அழைக்கும்போது எவ்வளவு பெரிய பொறுப்பைத் தருகிறார் என்பதை நாம் மறக்கக் கூடாது. இருட்டில் போன படத்தை மறுநாள் திரும்ப எடுக்க முடியாது.

இப்போது பலரிடம் இரண்டு கமராக்கள் இருக்கின்றன. ஒன்று உழைப்புக்கான டிஜிட்டல். மற்றது வாப்பா பாவித்த யாஷிக்காவோ பென்டக்ஸோ, அல்லது ஆசைக்கு வாங்கிய நிக்கோன் எஃப்.எம். ஆளுக்கொரு பிளாஷ் வாங்க எல்லோருக்கும் வசதியில்லை. இரண்டுக்கும் ஒரே பிளாஷ் வேண்டுமென்றால் கணக்கைத் தானே பார்க்கத் தெரிந்த பிளாஷை, அல்லது கணக்கை உங்கள் கையில் தந்துவிடும் பிளாஷை வாங்குங்கள். கமரா சொன்னால் மட்டுமே வேலை செய்யும் பிளாஷ் இன்றைய கமராவுக்கு நன்றாக இருக்கும். நாற்பது வருடப் பழைய கமராவின் மேல் அது எவ்வளவு ஒளி விட வேண்டும் என்று தெரியாமல் நிற்கும்.

முதலில் கமராவைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் இரண்டு கமராக்களிலும் மூன்று விடயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஹொட் ஷூ. பிளாஷைச் செருகும் அந்தத் தட்டின் நடுவில் ஒரு வட்டமான உலோகப் புள்ளி இருக்கும். எந்தக் கொம்பனியின் பிளாஷையும் வெடிக்க வைப்பது அந்தப் புள்ளிதான். சுற்றிலும் உள்ள சிறிய புள்ளிகள் அந்தந்தக் கொம்பனியின் சொந்தப் பேச்சுக்கு. கேனன் 200டி மார்க் 2 உள்ளிட்ட சில ஆரம்பநிலைக் கமராக்களில் நடுப்புள்ளியே இல்லை. அவற்றின் மேல் சாதாரண மெனுவல் பிளாஷும் பழைய பிளாஷும் வெடிக்காது. மினோல்டா 1988இல் தனக்கென்று வேறு வடிவ ஷூ ஒன்றைக் கொண்டுவந்தது. சோனியும் 2012 வரை அதையே தொடர்ந்தது. அந்தக் கமரா வைத்திருப்பவர்கள் அடாப்டர் இல்லாமல் மற்றப் பிளாஷ்களைப் பூட்ட முடியாது.

மிகப் பழைய பிலிம் கமராக்களில் ஷூ வெறும் தாங்கியாகவே இருக்கும், மின்தொடர்பு இராது. பக்கவாட்டில் பி.சி. சொக்கற் என்ற சிறிய துளை இருக்கும். அதற்கு வயர் வேண்டும். அருகே எக்ஸ், எம் என்று இரண்டு அடையாளங்கள் இருந்தால் எப்போதும் எக்ஸ் பக்கமே வையுங்கள். எம் என்பது ஒரு முறை எரிந்து முடியும் பழைய பல்புகளுக்கானது. பல்பு முழு வெளிச்சத்துக்கு வர நேரம் எடுக்கும் என்பதால் ஷட்டர் திறக்கும் முன்பே அதைப் பற்றவைக்கும் ஏற்பாடு அது. எலக்ட்ரோனிக் பிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வெடித்து முடிந்துவிடும். எம்மில் வைத்தால் ஷட்டர் திறக்கும்போது வெளிச்சம் போய்விட்டிருக்கும், நெகட்டிவில் ஒன்றும் பதியாது.

இரண்டாவது, சிங்க் வேகம். ஷட்டர் திரை முழுதாகத் திறந்து நிற்கும் ஆகக்கூடிய வேகம் இது. இதைத் தாண்டினால் திரை ஒரு கீற்றாக மட்டும் திறந்து நகரும். பிளாஷ் வெடிக்கும் கணத்தில் படத்தின் ஒரு பகுதி மூடியிருப்பதால் அந்த இடம் கறுப்பாக விழும். பென்டக்ஸ் கே1000, கேனன் ஏ.ஈ.-1 இரண்டுக்கும் 1/60 செக்கன். யாஷிக்கா எஃப்.எக்ஸ்.-3க்கும் நிக்கோன் எஃப்.எம்முக்கும் 1/125. 1982இல் வந்த நிக்கோன் எஃப்.எம்.2க்கு 1/200, 1984க்குப் பிந்திய எஃப்.எம்.2களுக்கு 1/250. ஆரம்பநிலை டிஜிட்டல்கள் பெரும்பாலும் 1/200. யாஷிக்கா மாட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/500 வரை எந்த வேகத்திலும் பிளாஷ் பிடிக்கும்.

மூன்றாவது, கமரா தாங்கும் ட்ரிகர் வோல்டேஜ். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பழைய பிளாஷ், புதிய கமரா: வோல்டேஜ் ஆபத்து

பழைய பிளாஷ்களில் கமராவின் ஷட்டர் வெறும் சுவிட்ச் மாதிரிதான். பிளாஷின் உள்ளே இருக்கும் உயர்ந்த மின்னழுத்தம் அப்படியே ஷூவின் நடுப்புள்ளிக்கு வந்து நிற்கும். பழைய இயந்திரக் கமராக்களில் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும் அமைப்பு என்பதால் அவை அதைத் தாங்கின. டிஜிட்டல் கமராவில் அந்த இடத்தில் நுண்ணிய எலக்ட்ரோனிக் சுற்று இருக்கிறது. 200, 300 வோல்ட் பாய்ந்தால் அது எரிந்துபோகலாம். முதல் நாளே போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகவும் கெடலாம்.

கேனனின் ஆரம்பகால டிஜிட்டல்களுக்கு 6 வோல்டைத் தாண்டாதிருப்பதே பாதுகாப்பு என்று சொல்லப்பட்டது. நிக்கோன் தன் டிஜிட்டல் கமராக் கைநூல்களில் 250 வோல்டுக்கு மேற்பட்ட பிளாஷைப் பூட்ட வேண்டாம் என்கிறது. உங்கள் கமராவின் கைநூலில் உள்ள எண்ணே உங்களுக்கு எல்லை. எண் எதுவும் கிடைக்காவிட்டால் 6 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு விவிட்டார் 283 நல்ல எடுத்துக்காட்டு. 1970களில் ஜப்பானில் செய்யப்பட்டவற்றில் சில நூறு வோல்ட் வரும். அதே பெயரில் பின்னாளில் செய்யப்பட்டவற்றில் பத்து வோல்டின் அளவில்தான் வரும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர் போதும்.

1. பிளாஷுக்குப் புதுப் பற்றரி போட்டு, கமராவில் பூட்டாமல் ஒன் செய்யுங்கள். ரெடி லைட் எரிந்த பின்னும் ஒரு நிமிடம் விடுங்கள். முழுச் சார்ஜ் ஏறினால்தான் சரியான எண் வரும்.
2. மீற்றரை டி.சி. 600 அல்லது 1000 வோல்டில் வையுங்கள்.
3. சிவப்புக் கம்பியைப் பிளாஷின் அடியில் உள்ள நடுப்புள்ளியில் வையுங்கள். கறுப்புக் கம்பியை ஷூவின் பக்கவாட்டில் தண்டவாளத்தைத் தொடும் உலோகத்தில் வையுங்கள்.
4. எண்ணைக் குறித்து, ஒரு சிறிய ஸ்டிக்கரில் எழுதிப் பிளாஷின் அடியிலேயே ஒட்டிவிடுங்கள். நாளை அதை இரவல் வாங்குபவரின் கமராவும் தப்பும்.

6 வோல்டுக்குள் வந்தால் இரண்டு கமராக்களுக்கும் பயமில்லை. அதற்கு மேல் வந்தால் கைநூல் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். 250ஐத் தாண்டினால் அந்தப் பிளாஷைப் பழைய இயந்திரக் கமராவுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். பிளாஷின் உறையைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பற்றரியைக் கழற்றிய பின்பும் உள்ளே இருக்கும் கப்பாசிற்றரில் 300 வோல்ட் அளவில் மின்சாரம் தங்கியிருக்கும். அது ஆளைக் கொல்லக்கூடியது.

மெனுவல், ஓட்டோ, டி.டி.எல்.

பிளாஷ் எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்.

மெனுவலில் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். முழுச் சக்தி, 1/2, 1/4 என்று 1/64 அல்லது 1/128 வரை குறைக்கலாம். எந்தக் கமராவின் மேலும் ஒரே மாதிரி வெடிக்கும். ஆள் நகராத இடத்தில், மேடையில் மாப்பிள்ளையோடு உறவினர்கள் வரிசையாக நின்று எடுக்கும்போது, இதைவிட நம்பகமானது இல்லை.

ஓட்டோவில் பிளாஷ் தீர்மானிக்கிறது. அதன் உடம்பில் ஒரு சிறிய கண் இருக்கும். ஆளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அது அளந்து, போதுமென்றதும் நிறுத்திவிடும். பிளாஷில் ஐ.எஸ்.ஓ.வை வைத்தால் எந்த அபச்சர் என்று அதுவே காட்டும். அதை லென்ஸில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கமராவோடு ஒரு பேச்சும் இல்லை என்பதால் கே1000இலும் இன்றைய டிஜிட்டலிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். புதிய பிளாஷ்களில் இந்த வசதி அருகிவிட்டது. பாவித்த பிளாஷ் வாங்குபவர்கள் தேடவேண்டியது இதைத்தான்.

டி.டி.எல்.லில் கமரா தீர்மானிக்கிறது, லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அளந்து. ஒலிம்பஸ் ஓ.எம்.-2 இதை 1975இல் கொண்டுவந்தது. ஷட்டர் திறந்திருக்கையில் பிலிமின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை அது அளந்தது. டிஜிட்டல் வந்தபோது சென்சரின் மேற்பரப்பு பிலிமைப் போல் வெளிச்சத்தைத் தெறிக்காததால் அந்த முறை சரிவரவில்லை. அதற்குப் பதிலாக, படம் எடுப்பதற்குச் சற்று முன் ஒரு சிறிய முன்வெடிப்பை விட்டு அளக்கும் முறை நிலைத்தது. கேனன் இந்த வகையை 1995இலேயே தொடங்கியிருந்தது. நிக்கோன் 1999இல் டி1 கமராவோடு ஒரு முறையும் 2003இல் ஐ-டி.டி.எல்.லும் கொண்டுவந்தது.

இதன் விளைவு ஒன்றுதான். பிலிம் டி.டி.எல். வேறு, டிஜிட்டல் டி.டி.எல். வேறு. பெட்டியில் "டி.டி.எல்." என்று எழுதியிருப்பதை நம்பி, பழைய கமராவுக்கும் பொருந்தும் என்று வாங்கிவிடாதீர்கள். இரண்டு உலகங்களுக்கும் பாலமான பிளாஷ்கள் மிகச் சில. நிக்கோன் எஸ்.பி.-800 அவற்றில் ஒன்று. பிலிம் டி.டி.எல்., ஐ-டி.டி.எல்., ஓட்டோ, மெனுவல் நான்கும் அதில் உண்டு. 2008இல் வந்த எஸ்.பி.-900இல் பிலிம் டி.டி.எல். இல்லை. புதியது என்பதால் எல்லாம் இருக்கும் என்று நினைக்க முடியாது.

நம் கல்யாண வீடுகளில் டி.டி.எல்.லும் ஓட்டோவும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. இரண்டுமே முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் அளக்கின்றன. கறுப்பு அபாயா அணிந்த பெண்கள் வரிசையாக நிற்கும்போது, வெளிச்சம் போதவில்லை என்று பிளாஷ் கூடுதலாக வெடிக்கும். அபாயா சாம்பலாகும், முகங்கள் வெளுத்துவிடும். ஜும்ஆவுக்குப் போவது போல் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக ஆண்கள் நின்றால் நேர்மாறாக நடக்கும், முகங்கள் மங்கும். கறுப்புக்கு ஒரு ஸ்டொப் குறையுங்கள், வெள்ளைக்கு ஒரு ஸ்டொப் கூட்டுங்கள். ஓட்டோவில் இதைச் செய்ய அபச்சரை ஒரு படி மாற்றினால் போதும். மெனுவலில் உடுப்பின் நிறம் எதையும் மாற்றாது. தூரம் மாறாதவரை முகம் ஒரே மாதிரி விழும்.

எவ்வளவு சக்தி வேண்டும்

பிளாஷின் சக்தியைச் சொல்வது கைட் நம்பர். ஐ.எஸ்.ஓ. 100இல் அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் வைக்கவேண்டிய அபச்சர் வரும். கைட் நம்பர் 36 மீற்றர் உள்ள பிளாஷை 3 மீற்றரில் நிற்பவரை நோக்கி நேரே வெடித்தால் 36ஐ 3ஆல் வகுக்க, எஃப் 12. ஐ.எஸ்.ஓ. 400 பிலிம் போட்டால் கைட் நம்பர் இரண்டு மடங்காகும்.

இந்த எண்ணில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, அடியா மீற்றரா என்பது. விவிட்டார் 283இன் கைட் நம்பர் 120 என்பது அடியில், மீற்றரில் 36தான். மற்றது, தலையின் சூம். தலை 105 மில்லிமீற்றருக்கோ 200க்கோ சூம் ஆகி வெளிச்சம் குறுகிய கற்றையாகும்போது கிடைக்கும் எண்ணையே பெட்டியில் பெரிதாக அச்சிடுகிறார்கள். நிக்கோன் எஸ்.பி.-800க்கு 105 மில்லிமீற்றரில் 56, ஆனால் 35 மில்லிமீற்றரில் 38. கேனன் 580ஈ.எக்ஸ். II பெயரிலேயே 58 இருந்தாலும் 35 மில்லிமீற்றரில் 36தான். குழுப்படங்களை 35 மில்லிமீற்றர் அளவிலேயே எடுக்கிறோம். ஆகவே இரண்டு பிளாஷ்களை ஒப்பிடும்போது 35 மில்லிமீற்றரில் உள்ள எண்களை ஒப்பிடுங்கள்.

நமக்கு எவ்வளவு போதும்? பத்தடி உயரத்தில் வெள்ளைச் சீலிங் போட்ட ஒரு வீட்டு ஹோல் என்று வைத்துக்கொள்வோம். பிளாஷ் உங்கள் கையில் ஐந்தடி உயரத்தில், பெண் 3 மீற்றர் தூரத்தில். பிளாஷைச் சீலிங்குக்குத் திருப்பினால் வெளிச்சம் மேலே போய்க் கீழே வர நான்கேகால் மீற்றர் அளவு பயணம் செய்யும். சீலிங்கில் சிதறுவதால் இன்னும் இரண்டு ஸ்டொப் அளவு குறையும். கைட் நம்பர் 36 உள்ள பிளாஷுக்கு முழுச் சக்தியில் ஐ.எஸ்.ஓ. 100இல் எஃப் 4 கிடைக்கும், 400இல் எஃப் 8. டிஜிட்டலில் ஐ.எஸ்.ஓ. 800உம் எஃப் 4உம் வைத்தால் 1/8 சக்தியே போதும். பிளாஷ் சூடாகாது, அடுத்த வெடிப்புக்குக் காத்திருக்கவும் தேவையில்லை.

கைட் நம்பர் 20 உள்ள சிறிய பிளாஷ் இதே இடத்தில் ஐ.எஸ்.ஓ. 400 பிலிமுக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முழுச் சக்தியில் வெடித்தால்தான் எஃப் 4ஐத் தொடும். மாப்பிள்ளை தாலி கட்டும் கணத்தில் ரெடி லைட் எரியவில்லை என்றால் நீங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கல்யாண வேலைக்கு 35 மில்லிமீற்றரில் 30க்குக் குறையாத பிளாஷை வாங்குங்கள். வீட்டு விசேடங்களுக்கும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் 20 போதும்.

தலை திரும்ப வேண்டும்

சக்தியைவிட முக்கியமானது இது. தலை மேலே நிமிராத, பக்கவாட்டில் சுழலாத பிளாஷை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கல்யாண வேலைக்கு வாங்காதீர்கள். நேரே வெடிக்கும் பிளாஷ் பெண்ணின் உடுப்பில் உள்ள ஜரிகையிலும் கல்லிலும் நகையிலும் பட்டு வெள்ளைப் பொட்டுகளாகத் தெறிக்கும். வியர்த்த நெற்றி பளபளக்கும். பின் சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். சீலிங்கில் பட்டு வரும் வெளிச்சம் முழு ஹோலையும் நிரப்பும்.

கமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போதும் சீலிங்கைப் பார்க்க வேண்டும் என்பதால் தலை பக்கவாட்டிலும் சுழல வேண்டும். ஓட்டோப் பிளாஷ் என்றால் அதன் கண் சுழலும் தலையில் இல்லாமல் உடம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். தலை எங்கே திரும்பினாலும் கண் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் அளவு சரியாக வரும்.

நம் ஊர் வீடுகளில் சுவருக்கு இளம்பச்சை, நீலம், ரோஸ் என்று விருப்பமாகப் பூசுகிறார்கள். பச்சைச் சுவரில் பட்ட வெளிச்சம் பச்சையாகவே வந்து முகத்தில் விழும். டிஜிட்டலில் ஓரளவு திருத்தலாம், பிலிமில் கடினம். ஹோலுக்குள் நுழைந்ததும் வீட்டார் யாரிடமாவது ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து முகத்தருகே பிடிக்கச் சொல்லி, பிளாஷைச் சுவருக்கும் சீலிங்குக்கும் மாறி மாறித் திருப்பி டிஜிட்டலில் இரண்டு படம் எடுங்கள். எந்தப் பக்கம் தாள் வெள்ளையாக இருக்கிறதோ அந்தப் பக்கமே அன்றைய இரவு முழுதும் உங்கள் பக்கம்.

சீலிங் இல்லாத ஓட்டுக்கூரை வெளிச்சத்தைக் குடித்துவிடும். அஸ்பெஸ்டஸ் தகடு சாம்பல் நிறமென்றாலும் தாழ்வாக இருந்தால் உதவும். பந்தலில் கட்டிய வெள்ளைத் துணியும் நல்ல சீலிங்தான், நிறத்துணி என்றால் முகமும் அந்த நிறமாகும். எதுவுமே இல்லாத திறந்த முற்றத்தில் தலையை நிமிர்த்தி, பின்னால் ஒரு வெள்ளை அட்டையை ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். ஐ.எஸ்.ஓ.வையும் உயர்த்துங்கள்.

கமராவை விட்டு வெளியே

பிளாஷ் கமராவின் மேல்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரங்களையும் சாரிகளையும் இப்போது பலர் போனிலும் இணையத்திலும் படம் போட்டு விற்கிறார்கள். நேரே வெடித்த பிளாஷில் துணி வெறும் நிறத்தட்டாகத் தெரியும். பிளாஷைக் கழற்றி, துணியின் ஒரு ஓரத்தில் கிட்டத்தட்டத் துணியின் மட்டத்துக்கே தாழ்த்தி வைத்து வெடித்துப் பாருங்கள். ஊடும் பாவும் ஏறி இறங்கும் இடமெல்லாம் சிறு நிழல் விழுந்து, நெசவாளரின் கைவேலை விரலால் தொடலாம் போல் எழும். எதிர் ஓரத்தில் ஒரு ரெஜிபோர்ம் தகட்டை நிறுத்தினால் நிழல் இதமாகும். இந்த வேலைக்குப் பெரிய பிளாஷ் தேவையில்லை, மெனுவலில் சக்தியைக் குறைக்க முடிந்தால் போதும்.

வெளியே வைத்த பிளாஷை வெடிக்க ரேடியோ ட்ரிகர்தான் இன்று வசதி. கோடொக்ஸ் டி.டி.600, யொங்னுவோ வை.என்.-560 மூன்றாம் நான்காம் பதிப்புகள் ஆகியவற்றில் ரிசீவர் உள்ளேயே இருக்கிறது, ட்ரான்ஸ்மிற்றர் ஒன்றை வாங்கினால் போதும். அந்த ட்ரான்ஸ்மிற்றரை நடுப்புள்ளி உள்ள எந்தப் பிலிம் கமராவின் மேலும் பூட்டலாம். மற்றப் பிளாஷின் ஒளியைப் பார்த்து வெடிக்கும் ஸ்லேவ் வசதியும் பலவற்றில் உண்டு. முதன்மைப் பிளாஷ் டி.டி.எல்.லில் இருந்தால் அதன் முன்வெடிப்புக்கே ஸ்லேவ் ஏமாந்து வெடித்துவிடும், ஆகவே ஸ்லேவை எஸ்2 நிலையில் வையுங்கள். மெனுவலில் இருந்தால் எஸ்1.

பிலிமில் எடுக்கும் முன் டிஜிட்டலை மீற்றராகப் பாவியுங்கள். அதே ஐ.எஸ்.ஓ., அதே அபச்சர், பிலிம் கமராவின் சிங்க் வேகம், அதே பிளாஷ் அளவு. திரையில் படம் சரியாக வந்த பின் பிளாஷை மாற்றிப் பூட்டி, கலர் நெகட்டிவுக்கு அரை ஸ்டொப் முதல் ஒரு ஸ்டொப் வரை கூட்டிக் கொடுங்கள். நெகட்டிவ் மிகுந்த வெளிச்சத்தைப் பொறுக்கும், குறைந்த வெளிச்சத்தைப் பொறுக்காது. பிளாஷ் மெனுவலில் வேலை செய்வதால்தான் இந்த இடமாற்றம் முடிகிறது.

பற்றரியும் உப்புக் காற்றும்

டோர்ச் லைட்டுக்குப் போடும் மலிவுப் பற்றரியைப் பிளாஷுக்குப் போடாதீர்கள். ரீசார்ஜ் செய்யும் என்.ஐ.எம்.எச். வகையே சிறந்தது. 1.2 வோல்ட்தான் என்றாலும் மின்சாரத்தைத் தடையின்றி வேகமாகக் கொடுப்பதால் அல்கலைனைவிட விரைவில் ரெடி லைட் எரியும். எனெலூப் போன்ற, வைத்திருந்தாலும் சார்ஜ் விரைவில் இறங்காத வகை 2000 எம்.ஏ.எச். அளவில் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததைப் பார்த்தவர்கள் நாம். வேலைக்கு முதல் நாளே சார்ஜ் போட்டு முடித்துவிடுவது நல்லது. கோடொக்ஸ் வி860 போன்ற லித்தியம் பற்றரிப் பிளாஷ்கள் இன்னும் வேகமானவை. ஆனால் அந்தப் பற்றரி நலிந்தால் அதையேதான் தேட வேண்டும், ஏ.ஏ. பற்றரி எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தைப் படமெடுத்தாலும், கரைவலை இழுப்பதைப் படமெடுத்தாலும் உப்பு பிளாஷின் மேல் படியும். வீட்டுக்கு வந்ததும் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். ஷூவின் புள்ளிகளையும் பற்றரி அறையின் தகடுகளையும் பென்சில் அழிறப்பரால் தேயுங்கள். மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பற்றரியைக் கழற்றியே வையுங்கள், கசிந்தால் பிளாஷே போய்விடும். மாதம் ஒரு முறையாவது பற்றரி போட்டு முழுச் சார்ஜ் ஏற விட்டுச் சில முறை வெடியுங்கள். நீண்ட நாள் சும்மா கிடந்தால் கப்பாசிற்றர் தளர்ந்துவிடும்.

யாருக்கு எது

*இயந்திரப் பிலிம் கமரா மட்டும் வைத்திருப்பவர்:* தலை நிமிரும் ஓட்டோப் பிளாஷ். விவிட்டார் 283, 285, சன்பாக், நஷனல் என்று பழைய ஸ்டூடியோக்களில் தேடினால் கிடைக்கக்கூடும். வோல்டேஜ் இங்கே பெரிய கவலையில்லை.

*பிலிமும் டிஜிட்டலும் வைத்திருப்பவர், கையில் காசு மட்டு:* வை.என்.-560 அல்லது டி.டி.600. ஓட்டோ இல்லை, டி.டி.எல். இல்லை. ஆனால் வோல்டேஜ் பயமில்லை, தலை எல்லாப் பக்கமும் திரும்பும், புதிதாக உத்தரவாதத்தோடு வாங்கலாம். முதல் பிளாஷாக நான் எல்லோருக்கும் சொல்வது இந்த வகையைத்தான். மெனுவலில் பழகியவருக்கு வேறு எந்தப் பிளாஷும் பிறகு கடினமாக இராது.

*நிக்கோன் பிலிமும் நிக்கோன் டிஜிட்டலும் வைத்திருப்பவர்:* நல்ல நிலையில் எஸ்.பி.-800 கிடைத்தால் விடாதீர்கள். எஸ்.பி.-26, எஸ்.பி.-28 மலிவு. டிஜிட்டலில் டி.டி.எல். கிடைக்காது, ஓட்டோவும் மெனுவலும் கிடைக்கும்.

*டிஜிட்டலில் மட்டும் கல்யாணத் தொழில்:* ஓடியாடி எடுப்பதால் உங்கள் கமராக் கொம்பனிக்குரிய டி.டி.எல். பிளாஷ். பெண்கள் பகுதியில் பெண் கலைஞரே எடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருப்பதால், இரண்டு பேரும் ஒரே வகைப் பிளாஷும் ஒரே வகைப் பற்றரியும் வைத்துக்கொண்டால் அவசரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

பாவித்த பிளாஷ் என்றால் நான்கு பற்றரியையும் மல்டிமீற்றரையும் கையோடு கொண்டுபோங்கள். "காக்கா, பற்றரி போட்டு ஒருக்காப் பாத்துட்டு எடுக்கட்டா?" என்று கேட்டால் நேர்மையான வியாபாரி மறுக்கமாட்டார். மறுத்தால் வேறு கடையைப் பாருங்கள்.

1. பற்றரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா?
2. ரெடி லைட் எரிய எத்தனை செக்கன் ஆகிறது? முதல் முறை தாமதமாகலாம். ஐந்தாறு முறை வெடித்த பின்பும் முழுச் சக்தியில் 15 செக்கனைத் தாண்டினால் வேண்டாம்.
3. ட்ரிகர் வோல்டேஜ் எவ்வளவு?
4. முன் கண்ணாடிக்குள் குழாய் கறுத்திருக்கிறதா? கறுத்திருந்தால் நிறைய உழைத்த பிளாஷ்.
5. தலை நிமிர்ந்த இடத்தில் நிற்கிறதா, தானாக விழுகிறதா?
6. மெனுவலில் சக்தியைக் குறைக்கும்போது வெளிச்சம் உண்மையிலேயே குறைகிறதா?
7. ஓட்டோவில் வைத்து வெள்ளைச் சுவரை நோக்கி வெடியுங்கள். பிறகு கறுப்புத் துணியை நோக்கி வெடியுங்கள். இரண்டாவது வெடிப்பு கூடுதலாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி இருந்தால் கண் பழுது.
8. உங்கள் இரண்டு கமராக்களிலும் வெடிக்கிறதா? வோல்டேஜை அளந்த பிறகே பூட்டிப் பாருங்கள்.

எட்டும் சரியென்றால் வாங்குங்கள். வாங்கிய கையோடு கல்யாண வேலைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டு ஹோலில் ஓர் ஆளை 2, 3, 4 மீற்றரில் நிறுத்தி, சீலிங் வழியாக ஒவ்வொரு சக்தி அளவிலும் டிஜிட்டலில் எடுத்து, எந்தத் தூரத்துக்கு எந்த அபச்சர் என்று ஒரு அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள். பிலிம் கமராவுக்கும் அதே அட்டவணைதான்.